வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் சேர்த்து ஒரு மெயில் சர்வர்: பாதுகாப்பாக அமைக்க முழு வழிகாட்டி

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த வாரம், எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அலுவலகத்தில் எல்லோரும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையிலிருந்து ஒருவராலும் மெயில் அனுப்ப முடியவில்லை. வந்த மெயிலைப் படிக்க முடிகிறது, அனுப்பினால் மட்டும் "ரிலே அக்சஸ் டினைடு" என்று திரும்புகிறது. சர்வரைப் பார்த்துக்கொண்டவர், பாவம், ஒரே நாளில் முப்பது போன் வந்த அவசரத்தில், எல்லோருடைய வீட்டு ஐபி வரம்புகளையும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளின் மைநெட்வொர்க்ஸ் பட்டியலில், அதாவது லாகின் இல்லாமலே மெயில் அனுப்ப விடும் ஐபிகளின் பட்டியலில், சேர்த்துவிட்டார். மெயில் போக ஆரம்பித்தது. ஆனால் அந்த வரம்புக்குள் அந்த அலுவலக ஆட்கள் மட்டுமா இருக்கிறார்கள்? அதே இணைய இணைப்பை வாங்கிய ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன, அவற்றில் வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. வாரம் முடிவதற்குள் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) முழுக்க யாரோ அனுப்பிய ஸ்பாம், சர்வரின் ஐபி தடைப்பட்டியல்களில். என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்ததிலிருந்து, மெயில் சர்வர் அமைக்கும் எல்லோரிடமும் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். வெளியில் இருக்கும் உங்கள் ஊழியரும், வெளியில் இருக்கும் திருடனும் உங்கள் சர்வரின் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவருமே முன்பின் தெரியாத ஏதோ ஒரு ஐபியிலிருந்து வருகிறார்கள். எங்கிருந்து வருகிறார் என்பதை வைத்து யாரையும் நம்பக் கூடாது, யார் என்று நிரூபித்தால்தான் உள்ளே. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது டெபியன் 12 லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வந்ததைப் படிக்கத் தரும் டவ்காட், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி. இருபது முப்பது பேர் உள்ள அலுவலகத்துக்கு மாதம் சில நூறு ரூபாய் வாடகை சர்வரே போதும், இரண்டு ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. டொமைன் "உதாரணம்.இன்", சர்வரின் பெயர் "மெயில்.உதாரணம்.இன்" என்று வைத்துக்கொள்வோம். செட்டிங் பெயர்களை உச்சரிப்பாக எழுதுகிறேன், ஃபைலில் அவை ஆங்கிலச் சின்ன எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும். டெபியன் 13-க்குப் போனவர்கள் கவனிக்க வேண்டியது, அதில் டவ்காட் 2.4 வருகிறது, அதன் கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய ஃபைலை அப்படியே தூக்கிப் போட்டால் டவ்காட் எழுந்திருக்காது.

முதலில் இடம், பெயர், ஐபி

சர்வர் வாடகைக்கு எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: வெளியே போகும் போர்ட் 25, அதாவது சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வழி, திறந்திருக்கிறதா? பெரிய க்ளவுட் நிறுவனங்கள் பலவும் ஸ்பாமுக்குப் பயந்து அதை அடைத்து வைத்திருக்கின்றன. அமேசானில் விண்ணப்பம் போட்டுத் திறக்க வைக்கலாம், கூகுள் க்ளவுடில் 25 வெளியே போகாது. எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் இரண்டு நாள் வேலை வீண்.

ஐபி கிடைத்ததும், அதை முன்பு வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று பாருங்கள், ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் தெரியும். கறை படிந்த ஐபி என்றால் மன்றாடிக்கொண்டிருக்காமல் வேறு ஐபி கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் பிடிஆர் பதிவு. ஐபியைக் கேட்டால் "மெயில்.உதாரணம்.இன்" என்று வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். இதை உங்கள் டிஎன்எஸ் (டொமைன் பெயர்ப் பதிவேடு) பக்கத்தில் போட முடியாது, சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரின் பேனலில்தான் இருக்கும். ஐபிவி6 வைத்திருந்தால் அதற்கும் தனியாகப் போடுங்கள். பலரும் இதை மறக்கிறார்கள், ஜிமெயிலுக்கு ஐபிவி6 வழியே போகும் மெயில் மட்டும் திரும்பி வரும், ஏன் என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

சான்றிதழ்

இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் குறியாக்கத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதை வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் போதும், அங்கிருந்து எடுத்துத் தரும் செர்ட்பாட் மென்பொருளை வைத்து "மெயில்.உதாரணம்.இன்" பெயருக்கு எடுங்கள். இதில் ஆபத்து புதுப்பிப்பில்தான். சான்றிதழ் 90 நாளுக்குத்தான், செர்ட்பாட் தானாகவே புதுப்பித்துவிடும், ஆனால் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் அது தெரியாது. டவ்காட் பழைய சான்றிதழையே நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும், ஒருநாள் காலை எல்லோருடைய போனிலும் எச்சரிக்கை வரும். வெளியில் இருக்கும் ஊழியர் அந்த எச்சரிக்கையை "சரி, பரவாயில்லை" என்று அமுக்கிப் பழகிவிட்டால், நாளை ஏதாவது ஓட்டல் வைஃபையில் நிஜமாகவே யாரோ நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் அமுக்குவார். அதனால் செர்ட்பாட்டின் ரினியூவல் ஹூக்ஸ் ஃபோல்டருக்குள் டிப்ளாய் என்ற இடத்தில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டு, புதுப்பித்ததும் இரண்டையும் ரீலோடு செய்ய வையுங்கள். சான்றிதழ் முடியப்போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டல் மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். போர்ட் 993-ல் (ஊழியர்கள் மெயில் படிக்கும் வழி) சான்றிதழ் இன்னும் எத்தனை நாள் செல்லும் என்று தினமும் பார்த்து, இரண்டு வாரத்துக்குக் குறைந்தால் குரல் கொடுக்கும் ஒரு சின்ன க்ரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலையை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்ட் 25: மற்ற சர்வர்களுக்கான வாசல்

இரண்டு வாசல் உள்ள வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். போர்ட் 25 தபால்காரருக்கு, 465-ம் 587-ம் வீட்டு ஆட்களுக்கு. தபால்காரர் வாசலில் யாரும் சாவி காட்ட வேண்டியதில்லை, ஆனால் அந்த வழியாக வருபவர் இந்த வீட்டுக்கான கடிதத்தை மட்டும்தான் கொடுக்க முடியும், இன்னொரு ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஓபன் ரிலே என்று நாம் பயப்படுவது இந்த விதி உடைவதைத்தான்.

போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் டாட் சிஎஃப் ஃபைலில் மைநெட்வொர்க்ஸ் வரியில் 127.0.0.0/8-ம் ஐபிவி6-ன் லூப்பேக்கும், அதாவது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரிகள், மட்டும் இருக்கட்டும். அலுவலகத்தின் நிலையான ஐபியைக்கூடச் சேர்க்காதீர்கள் என்பேன், அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் அது மெயில் அனுப்பும். பழைய ஸ்கேனர், பிரிண்டர் மாதிரி லாகின் செய்யத் தெரியாத ஏதாவது இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் தனி வழி செய்யுங்கள். ரிலே ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் வரியில் பெர்மிட் மைநெட்வொர்க்ஸ், அடுத்து ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன், இந்த இரண்டும் போதும். லாகின் வசதியை, அதாவது சாஸல் ஆத் எனேபிள் என்பதை, மெயின் ஃபைலில் "நோ" என்றே விட்டுவிடுங்கள். போர்ட் 25-ல் லாகின் செய்யவே வழியில்லை என்றால், அங்கே இரவு பகலாகப் பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு வேலையே இல்லாமல் போகும்.

டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல் இங்கே "மே" (முடிந்தால் குறியாக்கு, கட்டாயமில்லை) என்று இருக்க வேண்டும். "பாதுகாப்பு வேண்டும், அதனால் கட்டாயமாக்கிவிடுவோம்" என்று போர்ட் 25-ல் "என்க்ரிப்ட்" போடுகிறவர்கள் உண்டு. டிஎல்எஸ் தெரியாத பழைய சர்வர்களின் மெயில் அதோடு நின்றுவிடும், பொதுவில் அறிவித்த மெயில் சர்வர் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆர்எஃப்சி 3207 என்ற இணையத் தரநிலை ஆவணமும் சொல்கிறது.

2023 டிசம்பரில் எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயில் கொடுக்கும் முறை) ஸ்மக்லிங் என்ற தாக்குதல் வெளியே வந்தது. வரி முடிவைக் குறிக்கும் எழுத்துகளில் குழப்பம் செய்து ஒரு மெயிலுக்குள் இன்னொரு மெயிலை ஒளித்துக் கடத்துவது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.9-லிருந்து அதற்கான தடுப்பு தானாகவே இயங்குகிறது. டெபியன் 12-ல் இருப்பது 3.7, அதில் அப்டேட் போட்ட பிறகும் ஃபர்பிட் பேர் நியூலைன் என்ற வரியை நீங்களேதான் எழுத வேண்டும், "நார்மலைஸ்" என்று கொடுங்கள்.

465, 587: நம் ஆட்களுக்கான வாசல்

ஊழியர் தன் வீட்டிலிருந்து ஏன் போர்ட் 25 வழியே அனுப்ப முடியாது என்று அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டு இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் வெளியே போகும் 25-ஐ அடைத்திருக்கும், அது நல்லதும்கூட. அதற்காகத்தான் 1998-லேயே 587-ஐத் தனியாக ஒதுக்கினார்கள். 465 ஆரம்பத்திலிருந்தே டிஎல்எஸ் உள்ளே பேசுவது, 587 முதலில் வெறுமையாகப் பேசத் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லி மாறுவது. நடுவில் இருப்பவன் அந்த "மாறலாம்" என்ற வார்த்தையை மட்டும் அழித்துவிட்டால், கவனக்குறைவாக எழுதிய மெயில் செயலிகள் பாஸ்வேர்டை வெறுமையாக அனுப்பிவிடக்கூடும். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 முதலிலிருந்தே டிஎல்எஸ் உள்ள வழியைத்தான் பரிந்துரைக்கிறது. புதிதாக அமைப்பவர்கள் 465-ஐ மட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள், பழைய சாதனம் ஏதாவது கட்டாயப்படுத்தினால் மட்டும் 587.

மாஸ்டர் டாட் சிஎஃப் ஃபைலில் சப்மிஷன்ஸ் என்ற பகுதி (465-க்கானது) கமெண்ட்டாகக் கிடக்கும், அதைத் திறங்கள். டிஎல்எஸ் ராப்பர்மோடு "எஸ்", சாஸல் ஆத் எனேபிள் "எஸ்", ரிலே ரெஸ்ட்ரிக்ஷன்ஸில் பெர்மிட் சாஸல் ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட். லாகின் செய்தவர் போகலாம், மற்ற எல்லோரும் வெளியே, அவ்வளவுதான். 587-ம் திறந்தால் அங்கே டிஎல்எஸ் லெவல் "என்க்ரிப்ட்", கூடவே டிஎல்எஸ் ஆத் ஒன்லி "எஸ்".

வெளியில் இருப்பவர்களை அதிகம் வதைக்கும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது, நான் பார்த்த சர்வர்களில் பாதிக்கு மேல் இதுதான். ஸ்பாமைத் தடுக்க மெயின் ஃபைலில் ஸ்பாம்ஹவுஸ் சோதனையும், ஹீலோ பெயர் (இணைபவர் தன்னை அறிமுகப்படுத்தும் பெயர்) சரியா என்ற சோதனையும் போட்டிருப்பார்கள். மாஸ்டர் ஃபைலில் தனியாக மாற்றி எழுதாவிட்டால் அதே விதிகள் சப்மிஷனுக்கும் பொருந்திவிடும். ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலே "இது வீட்டு இணைப்பு, இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது" என்று சொல்லும் பட்டியல்தான், உங்கள் ஊழியரின் வீட்டு ஐபி அதில் இருப்பது தவறே இல்லை. லேப்டாப்பும் தன் பெயரை ஏதோ "டெஸ்க்டாப்" என்றுதான் சொல்லும், அது முழு டொமைன் பெயர் கிடையாது. விளைவு, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஊழியர் வீட்டிலிருந்து அனுப்பினால் தடை, அலுவலகத்துக்கு வந்தால் போகிறது. அதனால் சப்மிஷன் பகுதியில் க்ளையண்ட், ஹீலோ, சென்டர், ரெசிபியன்ட் என்ற நான்கு ரெஸ்ட்ரிக்ஷன்ஸையும் தனியாக எழுதி, மெயின் ஃபைலில் இருப்பது அங்கே ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சென்டர் ரெஸ்ட்ரிக்ஷன்ஸில் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்: ரிஜெக்ட் சென்டர் லாகின் மிஸ்மேட்ச். இது இல்லாவிட்டால் லாகின் செய்த யாரும் யார் பெயரிலும் அனுப்பலாம். கடைநிலை ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு திருடு போனால், திருடன் முதலாளியின் முகவரியிலிருந்து கணக்குப்பிரிவுக்கு "இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பு" என்று எழுதலாம், அது உங்கள் சர்வரிலிருந்தே, எல்லாக் கையெழுத்தும் சரியாக, போய்ச் சேரும். சென்டர் லாகின் மேப்ஸ் என்ற ஃபைலில் எந்த முகவரியை எந்த லாகின் பயன்படுத்தலாம் என்று எழுதிவிடுங்கள். பொது முகவரிகளுக்கு, உதாரணமாக "சேல்ஸ்", ஒரு வரியில் பல லாகின்களைக் காற்புள்ளி போட்டுக் கொடுக்கலாம். ஒரு குறை உண்டு, இது பார்ப்பது உறையின் மேல் எழுதிய முகவரியை மட்டும், மெயிலுக்குள் "ஃப்ரம்" என்று தெரியும் பெயரை இது தடுக்காது. அதற்கு ஆர்ஸ்பாம்டியில் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

இன்னொன்றும் என் மனதுக்கு முக்கியம். ஊழியர் வீட்டிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் அவர் வீட்டு ஐபி "ரிசீவ்டு" தலைப்பு வரியில் ஏறிப் போகிறது, மெயில் வாங்கும் யாரும் அதைப் பார்த்து அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்பதற்காக அவர் இருப்பிடம் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. மாஸ்டர் ஃபைலில் சப்மிஷனுக்கென்று தனி க்ளீன்அப் சேவை ஒன்றை வைத்து, அதற்கு மட்டும் ஹெடர் செக்ஸில் "ஈஎஸ்எம்டிபிஎஸ்ஏ" என்று வரும் ரிசீவ்டு வரியை "இக்னோர்" செய்யச் சொல்லுங்கள். உங்கள் சர்வர் லாகில் அந்த ஐபி இருக்கும், விசாரணைக்கு அது போதும்.

டவ்காட்: படிப்பதும் பாஸ்வேர்டும்

மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் மட்டும் நிறுவுங்கள், பாப்3 பேக்கேஜை எடுக்கவே வேண்டாம். பாப்3-ல் ஒருவர் ஒரு லேப்டாப்பில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவார், லேப்டாப் பேருந்தில் தொலைந்தால் ஐந்து வருட மெயில் போய்விடும். டிஎல்எஸ் இல்லாமல் பேசத் தொடங்கும் போர்ட் 143-க்கான லிஸனரில் போர்ட் 0 என்று எழுதினால் அது அடைபடும், 993 மட்டும் திறந்திருக்கும். எஸ்எஸ்எல் "ரெக்வயர்டு", குறைந்தபட்சம் டிஎல்எஸ் 1.2. சான்றிதழ் ஃபைலின் பாதைக்கு முன் ஒரு "<" குறி (லெஸ் தேன்) வேண்டும், அது இல்லாவிட்டால் டவ்காட் பாதையையே சான்றிதழாக நினைத்துக்கொள்ளும். இந்த ஒரு எழுத்துக்காக ஒரு மதியமே போயிருக்கிறது.

போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்டைத் தானே சரிபார்க்காது, டவ்காட்டிடம் கேட்கும். 10-மாஸ்டர் ஃபைலில் ஆத் சேவைக்குள் போஸ்ட்ஃபிக்ஸின் பிரைவேட் ஃபோல்டருக்குள் ஒரு யூனிக்ஸ் சாக்கெட் திறந்து, உரிமை 0660, உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ் என்று கொடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் சாஸல் டைப் "டவ்காட்", பாத் "பிரைவேட்/ஆத்".

பாஸ்வேர்டுகளை ஆர்கான்2ஐடி முறையில் ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி) வையுங்கள், டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்ஆட்மினின் பிடபிள்யூ கட்டளை செய்து தரும். சர்வர் லாகின் கணக்குகளை மெயிலுக்குப் பயன்படுத்தாதீர்கள். மெயில் பாஸ்வேர்டு போனால் மெயில் மட்டும் போக வேண்டும், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் கதவும் சேர்ந்து திறக்கக் கூடாது.

ஐமேப்பில் ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு போட எளிய வழி இல்லை, போன் ஒவ்வொரு சில நிமிடமும் தானாக இணைகிறது, ஒவ்வொரு முறையும் எண் கேட்க முடியாது. அதனால் நான் செய்வது சாதனத்துக்கு ஒரு பாஸ்வேர்டு. கவிதா என்ற ஊழியருக்கு "கவிதா-போன்", "கவிதா-லேப்டாப்" என்று இரண்டு லாகின், ஒவ்வொன்றுக்கும் இருபது எழுத்துக்கு மேல் சர்வரே உருவாக்கிய பாஸ்வேர்டு, டவ்காட்டின் பாஸ்வேர்டு ஃபைலில் இரண்டுக்கும் "யூசர்" என்ற கூடுதல் புலத்தில் ஒரே மெயில்பெட்டியின் பெயர். இந்தப் பாஸ்வேர்டை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒருமுறை போட்டால் சாதனமே வைத்துக்கொள்ளும். வேறு எங்கும் அதே பாஸ்வேர்டை அவர் பயன்படுத்தியிருக்கவும் முடியாது, வேறு எந்தத் தளத்தில் கசிந்தாலும் இங்கே பாதிப்பில்லை. போன் தொலைந்துவிட்டதென்று ராத்திரி பத்து மணிக்கு அழைத்தால், ஒரு வரியை நீக்கினால் முடிந்தது, லேப்டாப்பில் வேலை தடைபடாது. பாஸ்வேர்டை மெயிலில் அனுப்பாமல் நேரிலோ போனிலோ போட்டுக்கொடுங்கள், முப்பது பேருக்கு அது ஒரு நாள் வேலைதான்.

எல்லோரும் அலுவலகம் கொடுத்த சாதனத்தையே பயன்படுத்துகிறார்கள் என்றால், வயர்கார்டு விபிஎன் போட்டு 993, 465 இரண்டையும் வெளியுலகத்துக்கே மூடிவிடலாம், அது இன்னும் உறுதி. சொந்த போனில் மெயில் பார்ப்பவர்கள் இருந்தால் அது நடைமுறைக்கு வராது, விபிஎன்னை அணைத்துவிட்டு "மெயில் வரவில்லை" என்பார்கள்.

தட்டிக்கொண்டே இருப்பவர்களைத் தடுப்பது

தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள், ஆனால் அதன் அளவுகளை யோசித்துப் போடுங்கள். டெபியன் 12-ல் லாகை ஃபைலாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை, மெயில் லாக் ஃபைலே இருக்காது, அதனால் பேக்கெண்டை "சிஸ்டம்டி" என்று மாற்றாவிட்டால் ஃபெயில்2பேன் ஓடுகிற மாதிரி தெரிந்தாலும் எதையும் பார்த்துக்கொண்டிருக்காது, சில சமயம் எழவே எழாது.

நம் ஊரில் மொபைல் டேட்டாவில் ஒரே வெளி ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். மூன்று தவறுக்கு ஒரு நாள் தடை என்று போட்டால், யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தட்டியதற்கு உங்கள் விற்பனைப் பிரதிநிதி ரயிலில் உட்கார்ந்துகொண்டு மெயில் இல்லாமல் தவிப்பார். இன்னொரு காட்சி இதைவிட அடிக்கடி வரும்: ஒருவர் லேப்டாப்பில் பாஸ்வேர்டு மாற்றுவார், வீட்டில் சார்ஜில் கிடக்கும் பழைய டேப்லெட் பழைய பாஸ்வேர்டோடு நிமிடத்துக்கு ஒருமுறை முட்டும், வீட்டு ஐபி மொத்தமாகத் தடைபடும். நான் போடுவது, பத்து நிமிடத்தில் பத்து தவறு, தடை அரை மணி, திரும்பத் திரும்ப வந்தால் தடையை நீட்டிக்கும் வசதி. நீளமான, சர்வர் உருவாக்கிய பாஸ்வேர்டு இருக்கும்போது இந்த அளவு தாராளம் ஆபத்தில்லை, ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாதது எத்தனை முறை தட்டினாலும் திறக்காது.

நாட்டை வைத்துத் தடுப்பதைப் பலர் கேட்கிறார்கள். யாருமே வெளிநாடு போகாத அலுவலகம் என்றால் 465, 993-க்கு மட்டும் செய்யலாம். போர்ட் 25-ல் ஒருபோதும் வேண்டாம், உங்களுக்கு மெயில் அனுப்புபவரின் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில் என்ற வரம்பும் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த வரம்புகள் ஐபியை வைத்து எண்ணுபவை, திருடன் நூறு ஐபியிலிருந்து ஒரே கணக்கில் அனுப்பினால் அவை பயனில்லை. ஆர்ஸ்பாம்டியின் ரேட்லிமிட், ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் துணையோடு, லாகின் பெயரை வைத்து எண்ணும். சாதாரண ஊழியருக்கு மணிக்கு நூறு பெறுநர் தாராளம்.

டவ்காட் பக்கம் இன்னொரு வரம்பு எதிர்த்திசையில் கடிக்கும். ஒரே ஐபியிலிருந்து ஒருவருக்கு 10 ஐமேப் இணைப்புதான் என்று அது வைத்திருக்கிறது. தண்டர்பேர்டு மெயில் செயலி ஒன்றே ஐந்து வரை எடுக்கும், வீட்டில் லேப்டாப், போன், டேப்லெட் மூன்றும் ஒரே ஐபி. 30 ஆக்கிவிடுங்கள்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்

உங்கள் பெயரில் வரும் மெயில் நிஜம்தானா என்று மற்றவர்கள் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் மூன்று பதிவுகள்: எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப், மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவுவது டிகிம், இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். எஸ்பிஎஃப்-ல் உங்கள் சர்வரை மட்டும் எழுதி கடைசியில் கழித்தல் குறியோடு "ஆல்". இன்வாய்ஸ் அனுப்பும் செயலி, செய்திமடல் சேவை ஏதாவது உங்கள் பெயரில் அனுப்பினால் அதையும் சேர்க்க வேண்டும், மொத்த டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. டிகிமுக்கு ஆர்ஸ்பாம்டியிலேயே 2048 பிட் சாவி உருவாக்கலாம், பொதுச்சாவி 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் டிஎன்எஸ்ஸில் இரண்டு மேற்கோள் துண்டாகப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். டிமார்க்கை முதலில் "நன்" (எதையும் தடுக்காதே) என்று வைத்து, அறிக்கைகள் வர ஒரு மாதம் விடுங்கள். உங்களுக்கே தெரியாமல் யார் யார் உங்கள் பெயரில் அனுப்புகிறார்கள் என்று அதில் தெரியும், பெரும்பாலும் கணக்குப்பிரிவு மறந்துபோன ஏதோ ஒரு சேவை. அப்புறம் "குவாரண்டைன்", அப்புறம் "ரிஜெக்ட்". 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறார்கள், ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்பினால் மூன்றுமே வேண்டும்.

வெளியில் இருக்கும் ஊழியர்கள் சிலர், அலுவலக முகவரியைத் தங்கள் சொந்த மெயிலில் சேர்த்து அங்கிருந்தே வேறு சர்வர் வழியாக அனுப்பும் பழக்கம் வைத்திருப்பார்கள். டிமார்க் "ரிஜெக்ட்" போட்ட அன்று அவை எல்லாம் திரும்பும். முன்பே சொல்லி, 465 அமைப்பைப் போட்டுக்கொடுங்கள்.

உள்ளே வரும் ஸ்பாம்

ஆர்ஸ்பாம்டியின் இயல்பான அமைப்பே நன்றாக வேலை செய்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. தடைப்பட்டியல் கேள்விகளை கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியே கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் பதில் சொல்லாது, 127.255.255.254 என்ற பிழை எண்ணைத் தரும். எந்தப் பதில் வந்தாலும் தடுத்துவிடு என்று போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருந்தால் அன்றிலிருந்து உலகத்தில் யாருடைய மெயிலும் உள்ளே வராது. சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி அதைக் கேட்க வையுங்கள்.

வெப்மெயில் (பிரவுசரிலேயே மெயில் பார்ப்பது) தேவையா என்று யோசியுங்கள். ரவுண்ட்க்யூப் நல்ல மென்பொருள், ஆனால் 2025 ஜூனில் வெளிவந்த ஓட்டையில், லாகின் செய்த ஒருவர் சர்வரிலேயே கட்டளை ஓட்ட முடிந்தது, 1.6.11-ல் சரிசெய்தார்கள். வைப்பதாக இருந்தால் தனி சர்வரில் வைத்து, இரண்டாவது பூட்டும் போட்டு, அப்டேட்டை அன்றே போடும் பழக்கம் வேண்டும். முப்பது பேர் அலுவலகத்துக்கு தண்டர்பேர்டே போதும் என்பது என் கருத்து.

வெளியே போய் நின்று சோதியுங்கள்

அலுவலகத்துக்குள் உட்கார்ந்து சோதித்தால் ஒன்றும் தெரியாது. வைஃபையை அணைத்து, போனின் மொபைல் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுத்து, அங்கிருந்து பாருங்கள். லாகின் செய்யாமல் 465-ல் அனுப்பிப் பார்க்க வேண்டும், மறுக்க வேண்டும். லாகின் செய்து இன்னொருவர் முகவரியில் அனுப்ப வேண்டும், மறுக்க வேண்டும். போர்ட் 25 திறந்திருக்கும் வேறொரு சர்வரிலிருந்து உங்கள் 25-க்கு வந்து, ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும், "ரிலே அக்சஸ் டினைடு" வர வேண்டும். இந்த மூன்று மறுப்பையும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊழியர்களுக்கு அமைப்பைக் கொடுங்கள். அப்படியே ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, மூலத்தைத் திறந்து, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் "பாஸ்" என்று இருக்கிறதா, வீட்டு ஐபி எங்கும் தெரியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

லாகுகளை 180 நாள் வையுங்கள், இந்தியாவில் சர்வர் நடத்துபவர்களுக்கு அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு அதைக் கேட்கிறது, பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. பேக்கப் தினமும் வேறொரு இடத்துக்குப் போகட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு திருடு போய்விட்டால்

இது வரும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருவர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டுவிடுவார். அவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தவர் சொல்லாமல் மறைப்பார், உங்களுக்குத் தேவை அவர் ஐந்து நிமிடத்தில் போன் செய்வதுதான்.

முதலில் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்சூப்பர் கட்டளையின் ஹோல்டு வசதியால் க்யூ முழுவதையும் நிறுத்துங்கள், அழிக்காதீர்கள், நல்ல மெயிலும் அதில் இருக்கும். லாகில் "சாஸல் யூசர்நேம்" என்று தேடி எந்த லாகின் திடீரென்று எகிறியிருக்கிறது என்று பாருங்கள். டவ்காட்டின் பாஸ்வேர்டு ஃபைலில் அந்த மெயில்பெட்டிக்கான வரிகளை நீக்குங்கள். இதோடு முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் அதிகம்: பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுபடாது. டவ்ஆட்மினின் கிக் கட்டளையால் ஐமேப் இணைப்புகளை வெட்டிவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை முழுக்க நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். அப்புறம் வரும் மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் சீவ் விதிகளைத் திறந்து பாருங்கள். வரும் மெயிலை எல்லாம் வெளியே ஒரு முகவரிக்கு நகலெடுக்கும் ஒரு வரியை, அல்லது வங்கி மெயிலை மட்டும் குப்பைத்தொட்டிக்கு ஒதுக்கும் ஒரு வரியைத் திருடன் போட்டுவைத்திருக்கலாம், பாஸ்வேர்டு மாறிய பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து போன மெயில்களில் பணம், வங்கிக் கணக்கு எண் பற்றிப் பேசியவை இருந்தால், பெறுநர்களை அன்றே போனில் அழைத்துச் சொல்லுங்கள், மெயிலில் வேண்டாம். பிறகு அந்த லாகின் அனுப்பியவற்றை மட்டும் க்யூவிலிருந்து பொறுக்கி நீக்கி, மீதியை விடுவியுங்கள்.